கடைச் சிப்பந்திகளும் கைபேசிக் கல்வியும்

நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடக் கடையில் படித்ததே அதிகம். ஏழாவதோ எட்டாவதோ நின்றுபோய், உறவினர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, முதல் வருடம் சாக்கு மடித்து, அடுத்த வருடம் பொட்டலம் கட்டி, பிறகு தராசு பிடித்து, சிட்டை எழுதி, கடைசியில் பெட்டியடியில் உட்கார்ந்தவர்கள் நாம். தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் போய் "அண்ணாச்சி கடை" என்று பெயர் எடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் பள்ளியில் தேறியவர்கள்தாம். வற்றல் மிளகாயின் காம்பை ஒடித்துப் பார்த்து ஈரம் சொல்வதும், துவரையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்வதும், முப்பது அயிட்டங்களை வாயாலேயே கூட்டிப் பைசா பிசகாமல் சொல்வதும் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது.

ஆனால் கடை என்ற இந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்க முடியாத பாடங்கள் இப்போது வந்து சேர்ந்துவிட்டன. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி முதல் தேதி வாட் வரி வந்தது. 2011 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்து, கணக்குத் தாக்கல் முழுவதும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. பெட்டிக்கடையில்கூட இன்று பணம் கைபேசி வழியாக வருகிறது. முதலாளிமார் ஆடிட்டரையும் பிள்ளைகளையும் வைத்துச் சமாளித்துக்கொள்கிறோம். கடையில் நிற்கும் முப்பது வயதுச் சிப்பந்தியின் நிலை என்ன? சரக்கு வரும்போது பில்லில் உள்ள ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரியாமல், மூடையை எண்ணி மட்டும் வாங்கி வைக்கிறார். எம்.ஆர்.பி.யும் காலாவதித் தேதியும் எண்ணாக இருப்பதால் தப்பித்துக்கொள்கிறார். நாளைக்கே சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குப் போக நினைத்தால் "பத்தாவது தேர்ச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. பதினைந்து வருட அனுபவத்துக்குச் சான்றிதழ் தருவார் யாரும் இல்லை.

இவரைப் போன்றவர்கள் வேலையை விடாமல், ஊரை விட்டுப் போகாமல், கைபேசி மூலம் படிக்கலாம் என்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை, எங்கே இடிக்கிறது, அதில் வணிகர்களாகிய நாம் செய்யக்கூடியது என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

கொற்கையில் கிடைத்த எழுத்து

வணிகத்துக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு இந்தக் கரையில் புதிதல்ல. இன்று தாமிரபரணிக் கரையில் வயலும் வாழையுமாகக் கடலிலிருந்து சில மைல் உள்ளே தள்ளி இருக்கும் கொற்கை, ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் அங்கே அகழ்ந்தபோது, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அரண்மனைக் கல்வெட்டு அல்ல, சாதாரணப் பானை. கடல் கடந்து எகிப்து நாட்டின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமிலும் "கணன்", "சாதன்" என்று ஆள் பெயர் எழுதிய ஓடுகள் எடுத்திருக்கிறார்கள். இன்று நாம் மூடையில் மார்க்கு போடுவதைப் போல அன்று பானையில் பெயர் கீறியிருக்கிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

இதே கரையில் இன்னொரு சங்கதியும் உண்டு. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 1586இல் "அடியார் வரலாறு" என்ற தமிழ்ப் புத்தகம் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சான மிகப் பழைய நூல்களில் அதுவும் ஒன்று. அத்தனை சீக்கிரம் அச்சு இயந்திரம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும், 365 வருடம் கழித்து 1951இல் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். கருவி வந்து இறங்குவது வேறு, படிப்பு வந்து சேர்வது வேறு. கைபேசியைப் பற்றிப் பேசும்போதும் இதை மறந்துவிடக் கூடாது.

2011 கணக்குப்படி தூத்துக்குடி மாவட்டத்தில் எழுத்தறிவு 86.16 சதவீதம். கன்னியாகுமரி, சென்னைக்கு அடுத்தபடி மாநிலத்திலேயே மூன்றாவது இடம். பெருமைதான். என்றாலும் மீதி 14 பேர் யார் என்று பார்த்தால் நமக்குத் தெரிந்த முகங்களாகவே இருக்கும். வேப்பலோடையிலும் ஆறுமுகநேரியிலும் உப்பளத்தில் வாருபவர்கள், மண்டியில் புளியும் வற்றலும் தரம் பிரிக்கும் பெண்கள், மூடை தூக்குபவர்கள், சங்குக்குளிக்குப் போகிறவர்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்களும், ஐந்தாவது முடித்து எல்லாம் மறந்துபோனவர்களும் இந்தப் பதினான்கில் வராமல் போயிருக்கலாம். அவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை எங்கேயோ போய்விடும்.

என்னென்ன வழி இருக்கிறது?

படிப்பே இல்லாதவரில் தொடங்குவோம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் ஒன்று நடக்கிறது. நம் மாநிலத்தில் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் அதைக் கவனிக்கிறது. அடிப்படை எழுத்து, எண் தவிர, வங்கி, கைபேசி ஆகியவற்றைப் பயன்படுத்தவும் அதில் பாடம் உண்டு. "உல்லாஸ்" என்ற கைபேசிச் செயலியும் வைத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டாலே விவரம் கிடைத்துவிடும்.

இடையில் நின்றவர்களுக்கு இரண்டு பாதை. ஒன்று, மாநில அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்த எவரும் நேரடியாக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பத்தாம் வகுப்புக்கும் தனித்தேர்வர் வழி உண்டு. அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பலர் இந்தப் பதிவைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழக்கிறார்கள்.

இன்னொன்று, தேசிய திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கி, 2002இல் இப்போதைய பெயரைப் பெற்ற மத்திய அரசு நிறுவனம். பதினான்கு வயது நிறைந்தால் போதும், மேல் வயதுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும். அதற்குள் ஒவ்வொரு பாடமாக எழுதித் தேர்ச்சி பெற்றுக்கொள்ளலாம். தேறிய பாடத்தின் மதிப்பெண் அப்படியே வரவில் நிற்கும், பாக்கிப் பாடத்தை மட்டும் அடுத்த தடவை தீர்த்தால் போதும். பற்று வரவு தெரிந்த நமக்கு இந்த ஏற்பாடு எளிதில் புரியும். தேர்வு வருடத்தில் இரு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில். பத்தாம் வகுப்பைத் தமிழிலேயே எழுதலாம். புத்தகங்களும் ஒளிப்படப் பாடங்களும் இணையத்தில் இலவசம்.

அதற்கு மேல் படிக்க விரும்புவோருக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985 முதல் நடக்கும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மத்திய அரசின் "ஸ்வயம்" தளம் 2017இல் வந்தது. பாடம் கேட்கப் பணம் இல்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. ஐ.ஐ.டி. என்றாலே நமக்கு எட்டாத கனி என்று இருந்த நிலை மாறி, பன்னிரண்டாவது தேறிய எந்த வயதினரும் தகுதிச் சுற்றில் தேறினால் சேரலாம். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பாடம் வீட்டில், தேர்வு மட்டும் நேரில்.

நம் தொழிலுக்கு நேரடியாக உதவும் பயிற்சியும் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்தும் "ஃபாஸ்டாக்" பயிற்சி, சில்லறை விற்பனைக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. இணைய வழியாகவும் வகுப்புகள் நடக்கின்றன. உணவுப் பொருளைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் இதில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் ஏற்பாடு. முதலாளி தன் பெயரில் இந்தச் சான்றிதழை வாங்கி மாட்டுவதைவிட, சரக்கறையில் நிற்கும் சிப்பந்தி ஒருவரை அனுப்பினால் எலி, ஈரம், காலாவதி எல்லாவற்றுக்கும் ஒரு கண் கிடைக்கும். அவர் கையில் அது முதல் சான்றிதழாகவும் இருக்கும்.

சேர்வது எளிது, முடிப்பது கடினம்

இத்தனை வழி இருந்தும் ஏன் எல்லோரும் படித்துவிடவில்லை? அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் 2012இல் தொடங்கிய "எட்எக்ஸ்" இணையப் பாடங்களின் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019இல் "சயின்ஸ்" இதழில் வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சான்றிதழுக்காகக் கைக்காசு கட்டியவர்களை மட்டும் தனியே பார்த்தால் நூற்றுக்கு 46 பேர் முடித்திருக்கிறார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வசதியான நாட்டுக்காரர்கள் என்பதும் அதே கணக்கில் தெரிந்தது.

ஓசியில் வந்த சரக்கு மூலையில் கிடக்கும், காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க மாட்டோம் என்று நாம் இதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஆனால் அதில் பாதிதான் உண்மை. பணம் கட்ட முடிந்தவருக்கு நேரமும் இருந்திருக்கும், உட்கார ஓர் அறையும் இருந்திருக்கும். நம் சிப்பந்திக்கு இரண்டும் இல்லை. காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்துக்கு அடைக்கிறோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் வருடத்திலிருந்தே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் சொல்கிறது. சட்டத்துக்கும் நம் பூட்டுச் சாவிக்கும் உள்ள இடைவெளியை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. பத்தரை மணிக்கு அறைக்குப் போய், நான்கு பேருக்கு நடுவில் படுத்துக்கொண்டு கைபேசியைத் திறப்பவர், அல்ஜீப்ராவையா பார்ப்பார்? சினிமாத் துணுக்கைப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போவார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பெண்கள் பாடு இன்னும் கஷ்டம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருந்த பெண்கள் ஏறத்தாழ 47 சதவீதம்தான். வீட்டில் ஒரு கைபேசி இருந்தால் அது கணவரிடமோ கல்லூரிப் பிள்ளையிடமோ இருக்கும்.

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் அமைந்து 1971இல் மாணவர்களைச் சேர்த்தது. முன்படிப்பு எதுவும் கேட்கவில்லை. வேலைக்குப் போகும் தொழிலாளியும், வீட்டிலிருக்கும் பெண்ணும் சேர்ந்தார்கள். பி.பி.சி. தொலைக்காட்சியில் பாடம் வந்தது என்பதைத்தான் உலகம் பெரிதாகப் பேசியது. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார், விடைத்தாளைத் திருத்தி எழுதி அனுப்பினார், கோடையில் நேர்முக வகுப்பு நடந்தது. தொலைக்காட்சி கூப்பிட்டது, ஆசிரியர் பிடித்து வைத்தார் என்று சொல்லலாம்.

தேனிப் பெண்களின் கணக்கு

இவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்துத் தேனி மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. காமன்வெல்த் நாடுகளின் கல்விக் கூட்டமைப்பு ஒன்று கனடாவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. உழவர்களுக்கு வாழ்நாள் கல்வி என்ற திட்டத்தை அது 2004இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. தேனியில் "விடியல்" என்ற தொண்டு நிறுவனம் அதை எடுத்து நடத்தியது. ஆடு வளர்க்கும் சுமார் 300 பெண்கள் சேர்ந்தார்கள். பலருக்குப் படிப்பு குறைவு. அதனால் புத்தகம் கொடுக்காமல், கைபேசியில் தினமும் சில குரல் செய்திகள் அனுப்பினார்கள். எந்த இனக் கிடா வாங்குவது, எப்போது குடல்புழு மருந்து கொடுப்பது, வங்கிக் கடன் கணக்கு எப்படி என்று ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் ஓடும் சின்னச் சின்னப் பாடம். விஷயங்களைத் தயாரிக்கக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் உதவினார்கள்.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆடு வாங்க வங்கி கொடுத்த கடனிலேயே கைபேசி வாங்கவும் பணம் சேர்ந்திருந்தது. கைபேசி ஆடம்பரமாகக் கருதப்படவில்லை, ஆட்டைப் போல அதுவும் தொழிலுக்கு முதல். பாடத்தைக் கவனிக்காவிட்டால் ஆடு செத்துப்போகும், கடன் நிற்கும். அதனால் பெண்கள் ஆடு மேய்க்கும்போதே கேட்டார்கள், சாயங்காலம் குழுவாக உட்கார்ந்து பேசினார்கள். படிப்பு தொழிலோடு கட்டப்பட்டிருந்தது, கூடப் படிப்பவர் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்.

புதுச்சேரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராம அறிவு மையங்களிலும் இதே பாடம்தான். வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயரக் கணக்கை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இணையம் வந்தது ஒரு கம்ப்யூட்டருக்கு, சேதி போனது ஊர் முழுவதற்கும். நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தார்.

1991இல் தொடங்கிப் பெரும் பெயர் எடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தையும் நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்குவாரியில் உடைக்கும் பெண்களைப் பள்ளிக்கு வா என்று கூப்பிடாமல், அவர்கள் இருக்கும் இடத்துக்கு ராத்திரி போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள்.

பக்கத்தில் இருக்கும் அந்த ஆள்

நம் கடைகளில் அந்த ஆள் யார்? அரசு அனுப்பாது. பல்கலைக்கழகம் அனுப்பாது. கடை முதலாளியோ, முதலாளியின் கல்லூரி படிக்கும் மகளோ, சங்கமோதான் அந்த இடத்தில் இருக்க முடியும்.

இது நமக்குப் புதிய வேலை அல்ல. சரக்கு மூடைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்துப் பள்ளிக்கூடம் கட்டிய பரம்பரை நாம். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889இல் அப்படித்தான் எழுந்தது. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்தவர்களில் ஒருவர் காமராசர். தகப்பனார் சிறு வயதிலேயே காலமாகிவிட, அவரும் பள்ளியை நிறுத்திவிட்டு மாமாவின் ஜவுளிக் கடையில் நின்றார். அந்தக் காலத்தில் கடைப் பையனுக்குத் திறந்திருந்த ஒரே வகுப்பு நாளிதழ். பிற்பாடு ஆங்கிலம் கற்றுக்கொண்டது சிறையில். படிப்பை நிறுத்திய கடைப் பையன் அதிலேயே நின்றுவிடுவான் என்று அவர் விஷயத்தில் யாராவது கணக்குப் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

முதலமைச்சரான பிறகு மதிய உணவுத் திட்டத்தை அவர் 1956இல் நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். பள்ளிக்கூடம் இருந்தது, வாத்தியார் இருந்தார், பிள்ளைகள் மட்டும் வரவில்லை. காரணம் பசி என்று கண்டு அதற்கு வழி செய்தார். வயது வந்த சிப்பந்திக்கு வயிற்றுப் பசி இல்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம். அதைக் கொடுக்கக்கூடியவர்கள் நாம் மட்டுமே.

மதியம் இரண்டு மணி முதல் நான்கு வரை பெரும்பாலான பலசரக்குக் கடைகளில் வியாபாரம் மந்தம் என்பது நமக்குத் தெரியும். அதில் முக்கால் மணி நேரம் ஒருவரை முறை வைத்து விடுவித்தால் போதும். வாரம் ஆறு நாள் என்றால் நாலரை மணி, வருடத்துக்கு இருநூறு மணிக்கு மேல் ஆகிறது. ஒரு வருடத்தில் இரண்டு மூன்று பாடங்களைத் தேர்வுக்குத் தயார் செய்ய இது போதும் என்பது எங்கள் கணிப்பு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்த இருக்கையைச் சரக்கறையில் ஒரு விளக்கின் கீழ் போட்டால் வகுப்பறை ஆகிவிடும். ஒரே தெருவில் நான்கு கடைச் சிப்பந்திகள் சேர்ந்து படிப்பது இன்னும் நல்லது. ஒருவர் விட்டாலும் மற்றவர் இழுத்துவருவார்.

கட்டணத்தை முதலாளி முழுவதும் கட்டிவிடுவதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். பாதியைச் சிப்பந்தியே சம்பளத்திலிருந்து தவணையில் கட்டட்டும். தேர்ச்சி பெற்றதும் அந்தப் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலே சொன்ன 46க்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் இதில் கொஞ்சமாவது கிடைக்கும். கைபேசி டேட்டா செலவு 2016க்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. கடையின் வைஃபை இருந்தால் அதுவும் மிச்சம்.

உப்பளத்தாருக்கும் மீனவர்களுக்கும் பருவம் வேறு. அவர்கள் நம் வாடிக்கையாளர்கள், அவர்கள் கையில் காசு எப்போது ஓடும், எப்போது வறளும் என்று நம் பற்று நோட்டுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் உப்பளம் மூடிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பற்று ஏறும் இந்த மாதங்கள்தாம் படிக்க ஏற்ற மாதங்கள். உப்பளத்தில் வேலை நடக்கும் காலத்திலும் விடியும் முன்பே வரப்புக்குப் போய் முற்பகலில் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கு ராத்திரி வகுப்பு வைப்பது வீண், பின்மதியம்தான் சரி. வகுப்பு நடத்த முன்வரும் பள்ளி ஆசிரியர்களிடமும் தொண்டர்களிடமும் இதைச் சொல்லிக் காலத்தைக் குறித்துக் கொடுப்பது சங்கங்கள் செய்யக்கூடிய உதவி.

"படிச்சிட்டான்னா நம்மகிட்ட நிப்பானா அண்ணாச்சி?"

இந்தக் கேள்வி கூட்டங்களில் வந்தே தீரும். நியாயமான கேள்விதான். சிலர் நிற்க மாட்டார்கள். ஆனால் படிக்காதவர்கள் மட்டும் நிற்கிறார்களா? பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பாமல் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறிவிடுவதை வருடா வருடம் பார்க்கிறோம். இரண்டு வருடம் படிப்புக்கு வழி செய்த கடையில், அந்த இரண்டு வருடமாவது ஆள் உறுதி. மேலும் நம் தொழிலின் வழக்கமே, கடையில் நின்றவன் ஒருநாள் தனிக்கடை போடுவான் என்பதுதான். முதலாளியே சரக்கைக் கடனாகக் கொடுத்துக் கடை வைத்துக் கொடுத்த கதைகள் எத்தனை! போனவர் கடைசிவரை நம்மிடம்தான் மொத்தச் சரக்கு எடுப்பார்.

பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அவர்களை எந்த வேலையிலும் வைக்க முடியாது. அவர்கள் இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம், கைபேசி அல்ல.

ஏமாறாமல் இருக்க

படிப்பு ஆசை பரவும்போது போலிகளும் பரவும். "ஒரே சிட்டிங்கில் பட்டம்", "தேர்வு எழுதாமல் பத்தாம் வகுப்பு" என்று சுவரொட்டியிலும் கைபேசியிலும் வரும் விளம்பரங்களை நம்பி, சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் உண்டு. பட்டப் படிப்பு என்றால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அந்தப் பிரிவின் இணையப் பட்டியலில் பார்த்துவிடலாம். பத்தாவதும் பன்னிரண்டாவதும் தேறாமல் நேரே திறந்தநிலைப் பட்டம் வாங்கினால், தமிழக அரசு வேலைக்கு அது செல்லாது என்று 2009 ஆகஸ்டிலேயே அரசாணை வந்திருக்கிறது. தன் அறிவுக்காகப் படிப்பவருக்கு இது தடையில்லை. வேலையை மனத்தில் வைத்துப் படிப்பவர், எந்தச் சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும் என்று மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். தரகர் மூலம் எதற்கும் கட்ட வேண்டாம், அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே நேரே கட்டி ரசீது எடுத்து வைத்துக்கொள்ளவும்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். பல பேருக்குப் படிப்பு தடைப்படுவது இதில்தான். ஆதாரில் ஒரு பெயர், பழைய பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர், இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருக்கும். பிறந்த தேதியும் ஒத்துப்போகாது. விண்ணப்பக் கடைசித் தேதி நெருங்கும்போது இதைச் சரிசெய்ய ஓடினால் நடக்காது. மாற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால், படித்த பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து நகல் கேட்க வேண்டும். பள்ளியே மூடப்பட்டிருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். ஊருக்குப் போய்வர இரண்டு நாள் லீவு ஆகும். அந்த லீவைச் சம்பளத்தில் பிடிக்காமல் விடுங்கள்.